வேலிக்காரரின் கையெழுத்து

தர்மபுரத்தில் தவராசாவின் வீட்டிலிருந்து தார் வீதிக்குப் போவதென்றால் அஜந்தனின் படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு பாதை இல்லாமல் இல்லை. குளக்கட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகலாம். ஒன்றரைக் கிலோமீற்றர் கூட. கடந்த இரண்டு வருடத்தில் தவராசா அந்தச் சுற்றுப்பாதையையும் பலமுறை முயன்று பார்த்தார். பெற்றோல் விலைதான் அவரைத் திரும்ப நேர்ப்பாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

படலையில் பிழை இல்லை. படலைக்குப் பக்கத்தில் நட்டிருந்த பச்சைப் பலகைதான் பிழை. ஆளுயரப் பலகை. மேலே 'பச்சைமடி' என்ற நிறுவனத்தின் பெயர். கீழே, இது இரசாயனம் தொடாத ஒரு சேதன விவசாயியின் தோட்டம் என்று மூன்று மொழிகளில். நடுவில் அஜந்தன். இரண்டு கைகளிலும் பயிற்றங்காயை ஏந்திக்கொண்டு, முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியில் கையில் வாங்கிய தகப்பனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பைக்கூடத் தவராசா பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது படத்தின் பின்பக்கம். அஜந்தனின் தோளுக்குப் பின்னால் நூல் பிடித்ததுபோல் வரிசை வரிசையாகக் கொடிகள். அவற்றின் நடுவே நீலக் கட்டம் போட்ட சட்டையுடன், குருவி விரட்டும் ஒரு வெருளி. அந்தச் சட்டையின் பையில் மைக்கறை இருந்தது. கமநல சேவை நிலையத்தில் பசளை மானியப் படிவம் நிரப்பும்போது பேனை கசிந்து வந்த கறை. சட்டை தவராசாவினுடையது. வெருளியும் அவருடையது. கொடிகளும் அவருடையவை. படம் பிடிக்க வந்த பொடியன் அஜந்தனின் காணிக்குள் கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காடு என்றே விழுந்ததால், கடைசியில் அவனை வேலியோரம் நிறுத்தி, வேலிக்கு மேலால் தவராசாவின் தோட்டத்தைச் சேர்த்துப் பிடித்துவிட்டான்.

ஆகவே பலகையில் தவராசாவும் இருந்தார், வெருளியாக.

இருவரும் சகலன்கள். தவராசாவின் மனைவி நேசமலரும் அஜந்தனின் மனைவி ஜெயரூபியும் அக்கா தங்கை. மாமனார் தன் இரண்டு ஏக்கரையும் நடுவே வேலி போட்டு ஆளுக்கொன்றாகச் சீதனம் எழுதினார். சகலன்கள் என்றால், ஒரே மாமனாரின் தராசில் ஆளுக்கொரு தட்டில் சாகும்வரை குந்தியிருப்பவர்கள். தவராசா தன் தட்டுத்தான் கனத்துத் தாழ்ந்திருப்பதாக இருபது வருடமும் நம்பியிருந்தார். மாவட்டத்தில் கூடுதல் மிளகாய் விளைவித்ததற்காக அவருக்குக் கிடைத்த கேடயம் அலுமாரிக்குள் இருந்தது. அஜந்தனுக்குக் கிடைத்த ஒரே பரிசு, சனசமூக நிலைய விளையாட்டுப் போட்டியில் மெதுவாகச் சைக்கிள் ஓடியதற்கு.

வேலி தகரமும் கிளுவையும் கலந்தது. அதன் நடுவே ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. ஆண்கள் படலையால் போய் வந்தார்கள். அக்காவும் தங்கையும் பொட்டால் போய் வந்தார்கள். கறி, தேங்காய்ப்பாதி, ஊர்க்கதை எல்லாம் பொட்டாலேயே போய் வந்தன.

பொறாமை என்ற பெயரைத் தவராசா ஒத்துக்கொள்ளமாட்டார். நெஞ்சு அடைக்கிறது என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈசிஜி கோடு நன்றாகத்தான் ஏறி இறங்கியது. வாய்வு என்று குளிசை கொடுத்தார்கள். குளிசை போட்டும் வியாழக்கிழமைகளில் அடைத்தது. வியாழக்கிழமைகளில்தான் பச்சைமடியின் வான் வரும். வெள்ளை நிறத்தில் விட்டால் இந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஆள்கடத்திய வான்களின் பழைய ஞாபகங்கள் வரும் என்பதாலோ என்னவோ, வானுக்கும் பச்சை அடித்திருந்தார்கள்.

அஜந்தன் சேதன விவசாயியான கதை ஊருக்குத் தெரியும். அவன் கெட்டவன் அல்ல. நேரமில்லாதவன். எந்த வேலையால் நேரமில்லை என்பதைத்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மருந்து டாங்கியைத் தோளில் கொழுவினால் அவனுக்கு இடுப்பு நாரி பிடிக்கும். பசளை வாங்கக் கடைக்குப் போனால் கடை பூட்டியிருக்கும். புல் பிடுங்குவதை மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்பான். மழைக்குப் பிறகு வெயிலுக்குப் பிறகு என்பான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. ஒரே இரவில் நாடு முழுக்கச் சேதனமாகியது. தவராசாவின் மிளகாய்க் கன்றுகள் வாழ்நாளில் முதல்முறையாக மஞ்சளித்தன. ஊரில் எல்லாருடைய விளைச்சலும் பாதியாகியது. அஜந்தனுடையது மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் முன்பும் அவ்வளவுதான் விளைந்தது.

தடையை எடுத்த பிறகு கொழும்பிலிருந்து பச்சைமடியின் சுமித்திரா வந்தார். கைத்தறிச் சேலை, மண் நிறச் செருப்பு, கழுத்தில் ஏதோ விதைகளைக் கோத்த மாலை. பசளை இல்லாத காலத்திலும் பாதிக்கப்படாத விவசாயி யாரும் உண்டா என்று விசாரித்தார். யாரோ பகிடிக்கு அஜந்தனைக் காட்டிவிட்டார்கள். சுமித்திரா முழங்கால் உயர நாயுருவிக்குள் இறங்கி நின்று கண்ணை மூடி மூச்சிழுத்தார். எத்தனை வருடமாக மருந்தடிக்கவில்லை என்று கேட்டார். ஒருநாளும் அடித்ததில்லை என்றான் அஜந்தன். அது சத்தியமான உண்மை. ஏன் என்று கேட்டதற்கு, தன்னால் ஏலாது என்றான். அதுவும் உண்மை. பச்சைமடியின் புத்தகத்தில் அது, 'மண்ணுக்கு நஞ்சூட்ட அவர் மனம் இடம்தரவில்லை' என்று வந்தது. புல், உயிர்ப்பல்வகைமை ஆகியது. முற்றத்தில் அள்ளாமல் கிடந்த மாட்டுச் சாணி, ஊட்டச் சுழற்சி ஆகியது. அஜந்தன் மத்தியானத்தில் படுத்துக் கிடப்பதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்; அதை மட்டும் தவராசாவால் மனதில் நிறுத்த முடியவில்லை.

தவராசாவின் பயிற்றங்காய் சந்தையில் கிலோ நூற்றெண்பது போனது, அதுவும் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு வெட்டிய பிறகு. அஜந்தனின் பயிற்றங்காயைப் பச்சைமடி படலைக்கே வந்து ஐந்நூற்றைம்பதுக்கு எடுத்தது. கழிவு இல்லை. தவராசா வெட்கத்தை விட்டு ஒருநாள் சுமித்திராவிடம் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். அவர் தோட்டத்தின் சுத்தமான வரிசைகளைப் பார்த்து, இறந்த வீட்டுக்கு வந்தவர் போல் தலையை ஆட்டினார். மருந்து குடித்த மண், அதை மறக்க மூன்று வருடம் எடுக்கும் என்றார். மண் மூன்று வருடத்தில் மறக்கலாம். தவராசா மறக்கவில்லை.

முதல் வருடம் அஜந்தனின் காய்களில் புழு குத்திய ஓட்டைகள் இருந்தன. பச்சைமடி அதையே பெருமையாக எடுத்துக்கொண்டது. புழு சாப்பிட்டது, நாங்களும் நம்பிச் சாப்பிடலாம் என்று பொதியில் அச்சடித்துக் கொழும்பில் விற்றது. கொழும்புச் சனம் ஓட்டையை விரும்பி வாங்கியது. ஒரு வீட்டில் ஓட்டைக்குள்ளிருந்து புழுவும் வந்தபோதுதான் விருப்பம் முடிந்தது. மருந்தும் கூடாது, ஓட்டையும் கூடாது என்று சுமித்திரா சொல்லியனுப்பினார். அதை எப்படிச் செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. அது விவசாயியின் பாரம்பரிய அறிவு.

ஆச்சரியமாக, அஜந்தனின் கூடைகள் சுத்தமாகின. ஓட்டை இல்லை, சொறி இல்லை, வளைவு இல்லை. தவராசாவுக்கு விளங்கிவிட்டது. கள்ளன் ஒளித்து மருந்தடிக்கிறான். அன்றைக்கு நெஞ்சடைப்பு இல்லாமல் நன்றாக நித்திரை கொண்டார்.

பிடிக்கக் கருவியும் அவர் கையிலேயே இருந்தது. பச்சைமடியின் படிவத்தில் கடைசிப் பக்கம், வேலிக்காரரின் கையெழுத்து. பக்கத்துக் காணிக்காரர், தான் வேலியிலிருந்து பத்து அடிக்குள் மருந்தடிப்பதில்லை என்றும், இந்த விவசாயி சேதன முறையில்தான் செய்வதைக் கண்ணால் கண்டதாகவும் ஒப்பமிட வேண்டும். அது இல்லாமல் பலகை இல்லை. அயலவர் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள், ஆகவே பொய் சொல்லமாட்டார்கள் என்று கொழும்பில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஆவணியும் அஜந்தன் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்துடன் படிவத்தைக் கொண்டுவருவான். தவராசா அவனைக் கதிரையில் இருத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடப் போவார். கண்ணாடி சட்டைப் பையில் இருக்கும். அரை மணித்தியாலம் தேடுவார். பிறகு பேனையைத் தேடுவார். வருடத்தில் அந்த ஒரு மணித்தியாலம்தான் அவருக்குத் தட்டு சரியாக நின்ற நேரம்.

இந்த ஆவணி தவராசா கண்ணாடியைத் தேடவில்லை. படிவத்தை வாங்கி மேசையில் வைத்து அதன்மேல் செம்பை வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி. கண்ணால கண்டதெண்டு எழுதிக் கிடக்கு. காணாததுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

அஜந்தனின் முகம் கொஞ்சம் வாடியது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொழும்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவார்கள் என்று சொன்னான். அப்படியா என்று தவராசா மிகவும் கவலைப்பட்டார்.

வியாழக்கிழமை, இரவல் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் அஜந்தனின் படலைக்குப் போனார். வான் இன்னும் வரவில்லை. மாமரத்தின் கீழே கூடைகள் அடுக்கியிருந்தன. மருந்து மணக்கிறதா என்று பார்க்க மேல்கூடைக்குள் முகத்தைக் கொடுத்தார். மணப்பதற்கு முன் கண் கண்டது. காய்களின் நுனி ஊதா.

ஊதா நுனிப் பயிற்றங்காய் தர்மபுரத்தில் ஒரே ஒருவரிடம்தான் நின்றது. நான்கு வருடத்துக்கு முன் முல்லைத்தீவில் விதைக்கடை வைத்திருக்கும் மஸாஹிர் நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பிடி விதை வாங்கி வந்தவர் தவராசா. முழநீளம், நாரில்லை, வெந்தாலும் குழையாது. சொந்தச் சகோதரிக்குக்கூட ஒரு விதை கொடுத்ததில்லை. காயவைத்துப் போத்தலில் போட்டு, மூடியைச் சுற்றி நூல் கட்டி, அலுமாரியில் கேடயத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து அலுமாரியைத் திறந்தார். நூல்முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. அப்படியானால் கொடியிலிருந்து முற்றல் காயைக் களவெடுத்து முளைக்கவைத்திருக்கிறான். மருந்தைக்கூட மன்னிக்கலாம், விதைக் களவை எப்படி மன்னிப்பது. வேலிக்காரன் என்ற முறையில் தோட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அஜந்தனிடம் சொல்லியனுப்பினார். அஜந்தன் சந்தோசமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். நாயுருவியை விலக்கி விலக்கி நடந்தார்கள். பயிற்றங்கொடி என்று மொத்தம் இருபதடி நீளத்துக்கு ஏதோ தொங்கியது. காய்கள் குட்டை, நுனி பச்சை, காய்க்கு மூன்று ஓட்டை. மருந்து மணம் மருந்துக்கும் இல்லை. ஊதா நுனிக் கொடி ஒன்றுகூட இல்லை.

திரும்பிவந்து தன் காணிக்குள் வேலியோரம் நின்றபோது, பொட்டின் அடியில், தன் பக்கத்து மண்ணில், இரண்டு காய்கள் விழுந்து கிடப்பதைக் கண்டார். குனிந்து எடுத்தார். நுனி ஊதா.

நேசமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தவராசா இரண்டு காய்களையும் துருவலைக்குப் பக்கத்தில் வைத்தார். நேசமலர் அவற்றைப் பார்த்தார், துருவுவதை நிறுத்தவில்லை.

"இஞ்சாருங்கோ, சத்தம் போடாதேங்கோ. அவளுக்குத் தேவைப்பட்டுது, எங்களிட்டை இருந்துது. குடுத்தனான்."

"எவ்வளவு காலமா?"

"அந்தப் புழுப் பிரச்சினை வந்த நாளில இருந்து."

"மருந்தடிச்ச காயப்பா அது. செவ்வாய் அடிச்சு வியாழன் ஆயிறது."

"ஓம். சந்தைக்குக் குடுத்தால் மருந்து இல்லாமல் போயிடுமோ?"

நேசமலர் மிச்சத்தையும் சொல்லி முடித்தார். காசு பாதிப் பாதி. புதன் பின்னேரம் அவர் இல்லாத நேரம் பார்த்துத் தானே பிடுங்கிப் பொட்டால் கொடுப்பது, வெள்ளி காலை தங்கை பொட்டால் காசு கொடுப்பது. சீட்டு விழுந்தது என்று சொல்லி வாங்கிய தண்ணி மோட்டர் சீட்டில் வந்தது அல்ல. அந்த மோட்டரைத்தான் தவராசா அஜந்தனைக் கூப்பிட்டு இரண்டுமுறை போட்டுக் காட்டி, உழைக்கிறவனுக்குக் கடவுள் தருவார் என்று சொல்லியிருந்தார். அஜந்தன் மரியாதையாகத் தலையாட்டி, நல்ல சத்தம் அண்ணை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"இப்ப நீங்கள் கையெழுத்து வைக்காமல் விட்டால்," என்றார் நேசமலர், "அவனுக்குப் பலகை போகும். உங்கட காய்க்குக் கிடைக்கிற அந்த விலை போகும். எது கூட நட்டமெண்டு பாருங்கோ."

தவராசா பார்த்தார். இரவு முழுக்கப் பார்த்தார். மனைவி ஏமாற்றியது பெரிதாகச் சுடவில்லை. கொழும்புச் சனம் மருந்தைத் தின்றது சுடவேயில்லை. அவர்கள் எப்போதும் தின்கிறவர்கள்தான். சுட்டது ஒன்றுதான். தன் காய், தன் விதை, தன் தண்ணீர், ஐந்நூற்றைம்பது ரூபாய் பெறுமதி, அத்தனையும் அந்த மெதுச் சைக்கிள்காரனின் படம் ஒட்டிய பொதிக்குள் போகிறது. விடிந்ததும் படிவத்தில் ஒப்பமிட்டு அனுப்பினார். பிறகு வாழைப்பழத்தை எண்ணிப் பார்த்தார். போன வருடத்தைவிட இரண்டு குறைவு.

புரட்டாதியில் பச்சைமடி ஒரு விருந்து வைத்தது. கொழும்புப் பெரிய ஹோட்டல்காரர் மூவர், அவர்களோடு ஒரு வெளிநாட்டுச் சமையல்காரர். பொருள் எங்கே விளைகிறது என்று பார்த்து, அங்கேயே சாப்பிட்டு, பிடித்தால் வருடம் முழுக்க வாங்குவார்கள். சுமித்திரா இரண்டு நாள் முன்பே வந்து, பிளாஸ்டிக் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயரூபியின் நல்ல வாளிகளெல்லாம் பொட்டால் அக்கா வீட்டுக்கு வந்தன. சனசமூக நிலையத்துப் பிளாஸ்டிக் கதிரைகள் வேண்டாம் என்று மர வாங்குகள் தேடினார்கள். வாங்குகளைச் சுமந்தவர்களில் தவராசாவும் ஒருவர். வேலிக்காரர் என்ற முறையில் அவருக்கும் ஒரு வாழையிலை போட்டிருந்தார்கள், மாமர நிழல் முடிகிற இடத்தில்.

சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்க் குழம்பு, பயிற்றங்காய்ப் பால்கறி. வெளிநாட்டுச் சமையல்காரர் பால்கறியைச் சாப்பிட்டுவிட்டு நின்றார். மறுபடி வாங்கினார். மூன்றாம் தரமும் வாங்கி, ஒரு காயை மட்டும் விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இது சுத்தமான மண்ணின் ருசி, முப்பது வருடமாகத் தான் தேடியது என்றார். சுமித்திரா அதைத் தமிழில் சொன்னார். இதை விளைவித்தவர் யார் என்று சமையல்காரர் கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அஜந்தன் எழுந்து நெஞ்சில் கைவைத்தான்.

தவராசா இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பொறுத்தார்.

கொடி வளர்ப்பில் என்ன இரகசியம் என்று கேட்டார்கள். இரகசியம் ஒன்றுமில்லை, விடியற்காலை எழும்பிக் கொடிகளோடு கதைக்க வேண்டும், பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாகத் தடவிவிட வேண்டும் என்றான் அஜந்தன். அவன் எட்டு மணிக்கு முன் எழும்பியதை ஊரில் கண்டவர் இல்லை. தவராசா சோற்றைப் பிசைந்தார். பொறுத்தார்.

சமையல்காரர் எழுந்துவந்து அஜந்தனின் இரண்டு கைகளையும் பிடித்து, இந்தக் கைகளுக்கு நன்றி என்று குனிந்தார். காய்ப்பு இல்லாத கைகள். வாழைப்பழம் பிடித்த கைகள்.

"அது என்ர பயித்தங்காய்," என்றார் தவராசா.

அவர் எழுந்து நிற்பதை அவரே பிறகுதான் கவனித்தார். அகப்பையோடு ஜெயரூபி நின்ற இடத்தில் நின்றாள். அஜந்தனின் சிரிப்பு மட்டும் மாறவில்லை. மாற்ற அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. விதை முல்லைத்தீவு மஸாஹிர் நானாவிடம் தான் வாங்கியது, நுனியின் ஊதாவைப் பாருங்கள், இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்று தவராசா சொல்லிக்கொண்டே போனார். பாதியில், தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு விளங்கியது. விளங்கியும் வாய் நிற்கவில்லை.

சுமித்திரா விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, உங்க தோட்டத்துக்கு நீங்க மருந்து அடிக்கிறீங்கதானே?"

மாமரத்தின் கீழ் ஒருவரும் மெல்லவில்லை. தவராசா வாயைத் திறந்தார். அதற்குள் குசினி வாசலிலிருந்து நேசமலரின் குரல் வந்தது.

"இது வீட்டு வரிசைக் காய், பிள்ளை. எங்கட கிணத்தடியில நிக்கிறது. இண்டைக்குச் சமைச்சது முழுக்க அதில நான் ஆய்ஞ்சது. அதுக்கு அவர் ஒருநாளும் மருந்தடிக்கிறேல்லை."

அது உண்மை. வானில் ஏற்றுவதற்கு எதையும் ஏற்றலாம். தங்கள் கையால் பரிமாறுகிற இலையில் எப்படி அதை வைப்பது என்று அக்காவும் தங்கையும் விடியவே பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

சுமித்திராவின் முகம் தெளிந்தது. ஆனால் பழக்கதோசத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டுவிட்டார்.

"அதுக்கு மட்டும் ஏன் அடிக்கிறதில்ல?"

"அது நாங்கள் சாப்பிடுறது," என்றார் தவராசா.

ஊரில் தோட்டம் செய்கிற ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. கிணற்றடியில், அல்லது குசினிக்குப் பின்னால். மருந்து டாங்கி அதற்குப் பக்கத்திலும் போகாது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கதைப்பதில்லை. அன்றைக்கு வந்திருந்த ஊர்க்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் இலையைக் குனிந்து பார்த்தார்கள்.

அவர் என்ன சொன்னார் என்று சமையல்காரர் கேட்டார். தவராசா சொன்னது மூன்று சொல். சுமித்திரா அதை இங்கிலிஷில் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் எடுத்தது. பிள்ளைகளுக்கு நஞ்சில்லா உணவே ஊட்டிவரும் இந்தத் தகப்பன், பக்கத்துத் தோட்டத்து அஜந்தனால் ஈர்க்கப்பட்டு, இன்று எல்லார் முன்னிலையிலும் தன் முழுக் காணியையும் சேதன முறைக்கு மாற்றுவதாக உறுதியெடுக்கிறார் என்று சொன்னாராம். விருந்தாளிகள் கைதட்டினார்கள். சமையல்காரர் வந்து தவராசாவின் கையையும் பிடித்தார். அஜந்தனின் கையைப் பிடித்த அளவு நேரம் இல்லை. தவராசா எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் அவருக்கும் பலகை வந்தது. மஞ்சள் பலகை. இது மாறிக்கொண்டிருக்கும் விவசாயியின் தோட்டம் என்று எழுதியிருந்தது. மூன்று வருடம் மஞ்சள், பிறகு பச்சை. அதுவரைக்கும் சந்தை விலைதான், அதுவரைக்கும் டாங்கியைத் தொடவும் கூடாது. படம் பிடிக்க அதே பொடியன் வந்தான். தவராசா தன் வரிசைகளின் நடுவே, புதுச் சட்டையுடன், வெருளிக்கு முன்னால் நின்றார். பொடியன் கமராவுக்குள் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இவ்வளவு சுத்தமாக இருந்தால் சேதனம் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்றான். பிறகு அவரை வேலியோரம் கூட்டிவந்து, பொட்டுக்கு அருகே நிறுத்தி, பின்னால் அஜந்தனின் நாயுருவிக் காட்டைச் சேர்த்துப் பிடித்தான்.

பலகை நட்ட அன்று பின்னேரம், வீதியில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துத் தவராசா இரண்டு பலகைகளையும் சாணால் அளந்தார். மஞ்சள் நாலு விரல் கட்டை.

மருந்தில்லாத இரண்டாம் கிழமை புழு வந்தது. ஊதா நுனிக்கு மேலேயும் கீழேயும் ஓட்டை. சந்தையில் வியாபாரி காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உங்களுக்கு என்ன நடந்தது அண்ணை என்று உண்மையான கவலையுடன் கேட்டான். இப்போது பொட்டால் ஒன்றும் போகவில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் அஜந்தனின் கூடைகள் முன்னைப்போலவே சுத்தமாக இருந்தன. நுனி மட்டும் வெறும் பச்சை. நேசமலரைக் கேட்டபோது, மல்லாவியில் ஆரோ நல்ல சுத்தமாகச் செய்கிறார்களாம், புதன்கிழமைகளில் பஸ்ஸில் வருகிறதாம் என்றார். ஐந்நூற்றைம்பதில் பாதி இப்போது மல்லாவிக்குப் போகிறது. தவராசா அந்த மல்லாவிக்காரனின் முகத்தைக் கண்டதில்லை. ஆனாலும் அவனையும் நினைத்து நெஞ்சு அடைத்தது.

அடுத்த ஆவணி தவராசாவின் பெயருக்கும் படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மஞ்சள் பலகைக்கும் அது வேண்டுமாம். கையெழுத்து இல்லாவிட்டால் மூன்று வருடமும் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் நல்ல சீப்பாகப் பார்த்து இதரை வாழைப்பழம் வாங்கி, பச்சைப் பலகையைப் பார்க்காமல் அஜந்தனின் படலையைத் திறந்தார். அஜந்தன் மாமரத்தின் கீழ் சாய்ந்திருந்தவன், எழுந்து அன்பாக வரவேற்றான். கதிரை போட்டான். படிவத்தை வாங்கி, கையை நீட்டித் தூரப் பிடித்து, கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தான்.

"கண்ணால கண்டதெண்டு எழுதிக் கிடக்கு அண்ணை. நல்லா வாசிச்சுத்தான் வைக்க வேணும். இருங்கோ, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்."

உள்ளே போனான். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு லாச்சி இழுபடும் சத்தம், பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல் தேடினான்.

அஜந்தன் கண்ணாடி போடுகிறவன் அல்ல. தவராசா பழச்சீப்பை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.